இரண்டாவது பிரேக்

அத்தியாயம் பதினொன்று

பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை முடிந்து முடிவும் வந்துவிட்டால் போதும், டிரைவிங் ஸ்கூல்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான். நேற்று வரை சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சோம்பல்பட்டதுகள் எல்லாம், இன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தே தீருவேன் என்று வந்து நிற்கும். நம் மாஸ்டரிடம் இருப்பது ஒரே ஒரு கார். ஆனாலும் அவரிடம்தான் கூட்டம் அதிகம். வண்டி ஓட்டச் சொல்லித் தரத்தான் அவர் காசு வாங்குவார். வாழ்க்கையை எப்படி ஓட்டுவது என்பது இலவசம். கேட்டாலும் கிடைக்கும், கேட்காவிட்டாலும் கிடைக்கும்.

அன்று காலை ஒன்பது மணிக்கும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

“கிளட்சை மெதுவா விடும்மா. அது ஒண்ணும் உன்னைக் கடிக்காது.”

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் சுருட்டை முடிக்காரப் பெண் ஒருத்தி. போன மாதம்தான் பள்ளியை முடித்தவள். பின் சீட்டில் மாஸ்டரின் ஒரே மகள். எந்நேரமும் பேப்பரில் வீடு வீடாக வரைந்து தள்ளுவதால் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்திருந்தார் மாஸ்டர். ஆளும் அப்படித்தான், ஒல்லியாக, நெட்டையாக.

“மாஸ்டர், எனக்கு வேலை கிடைச்சிடுச்சு. டைல்ஸ் ஷோரூம்ல. முதல் சம்பளத்துல போன் வாங்கப் போறேன்.”

“ரொக்கமாவா, தவணையிலயா?”

“தவணைதான்.”

“வேண்டவே வேண்டாம். போன் ஒரு வருஷத்துல பழசாயிடும். தவணை மட்டும் புதுசாவே இருக்கும். கண்ணாடியைப் பாரு, பின்னாடி பஸ் வருது. இன்னொண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே வீட்டுல உட்கார்ந்து, மாசம் இவ்வளவு தருவேன்னு சொல்லிடு. முதல்லயே சொன்னா ஒரு பேச்சோட முடிஞ்சிடும். அப்புறம் சொன்னா சண்டையில போய் நிக்கும். படிச்சுப் பார்க்காம எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து போடாதே. மாமா கேட்டாலும் சரி, மச்சான் கேட்டாலும் சரி, யாருக்கும் ஜாமீன் நிக்காதே.”

சுருட்டை முடிக்காரி சிரித்தாள். சிரித்துவிட்டு, “வீட்டைச் சொன்னதும்தான் ஞாபகம் வருது” என்று முகத்தைத் தொங்கப் போட்டாள். “ஷோரூம் வேற ஊர்ல இருக்கு மாஸ்டர். அம்மா போகாதேங்குறாங்க. சித்தி கடையிலயே இரு, நீ இல்லாம எனக்குச் சோறு இறங்காதுன்னு அழுறாங்க.”

“அழட்டும்.”

பின் சீட்டில் இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாஸ்டர் கவனிக்கவில்லை. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அம்மா ஏங்கத்தான் செய்வாங்க. அது அவங்க பாசம், நீ தப்புப் பண்ணலை. யாரோ ஏங்குறாங்கன்னு நீ உன் ரோட்டை மாத்தினா, பத்து வருஷம் கழிச்சு அதே அம்மா மேல எரிஞ்சு விழுவே. போயிட்டு வா. லீவுக்கு லீவு வந்து நிறையச் சாப்பிடு. இப்போ ரெண்டாவது கியர் போடு.”

ஆஹா, என்ன தெளிவு! ஊரான் வீட்டுப் பிள்ளை என்றால் நம் மாஸ்டருக்கு நாக்கு அப்படிச் சுழலும். சொந்த வீட்டில் மனுஷன் வாயடைத்துப் போய் ஒரு வாரம் ஆகிறது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு அந்த வீட்டு விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டரின் மனைவி நர்ஸ். ஆறு வருஷத்துக்கு முன்னால், மகளுக்குப் பன்னிரண்டு வயசாக இருக்கும்போது, கடல் தாண்டி ஓர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். பெண்ணின் பள்ளிப் படிப்பு முடியும்வரை என்று பேச்சு. அந்த ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதானால் இன்னும் மூன்று வருஷத்துக்கு அவள் இன்றைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

மகளுக்கோ கட்டடக் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஐந்து வருஷம், ஹாஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும், கட்டணம் கொஞ்ச நஞ்சமில்லை. அதைக் கட்ட வேண்டுமானால் அம்மா அங்கேயே இருந்தாக வேண்டும். இன்னொரு வழியும் இருக்கிறது. லிப்ட் மாட்டும் கம்பெனி ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தால் முதல் மாதத்திலிருந்தே சம்பளம். அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். கல்லூரியில் ஒரு மணிக்குள் பணம் கட்ட வேண்டும். கம்பெனியிலும் இன்றுதான் கடைசி நாள்.

முந்தைய நாள் சாப்பாட்டு மேஜையில் ஸ்கேல் ஒரு நிபந்தனை போட்டாள். அதோடுதானே போன வாரம் நிறுத்தினோம்.

“நாளைக்கு நான்தான் ஓட்டுவேன். பெட்ரோல் பங்க் தாண்டி ரோடு ரெண்டாப் பிரியுதில்ல? இடது பக்கம் காலேஜ், வலது பக்கம் கம்பெனி. எந்தப் பக்கம் திரும்புறேனோ அதுதான் முடிவு. நீங்க வாயே திறக்கக் கூடாது.”

“திறக்க மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தார் மாஸ்டர்.

சுருட்டை முடிக்காரியை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அப்பாவும் மகளும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். மணி பதினொன்றேகால். மாஸ்டரின் சட்டைப் பையில் முதல் வருஷக் கட்டணத்துக்கான செக். அதற்குப் பின்னால் லிப்ட் கம்பெனியின் கடிதம். இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தன.

ஸ்கேல் நன்றாகத்தான் ஓட்டினாள். அப்பா பேசவில்லை, அவளும் பேசவில்லை. பேச்சில்லாத காரில் மாஸ்டருக்கு மனைவியின் ஞாபகம்தான் வரும்.

ஆறு வருஷத்தில் இரண்டே தடவை வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் இருபத்தோரு நாள். முதல் வாரம் இரண்டு பேரும் விருந்தாளி மாதிரி, நீங்க முதல்ல குளிங்க, இல்ல நீ குளி என்று உபசாரம் பண்ணிக்கொள்வார்கள். இரண்டாவது வாரம்தான் அவள் பழையபடி அவர் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவாள், துண்டை ஈரத்தோடு கட்டிலில் போட்டதற்குத் திட்டுவாள். அந்தத் திட்டு அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது! மூன்றாவது வாரம் பெட்டி கட்டவே சரியாகப் போய்விடும். அவள் போன பிறகும் மாஸ்டர் அந்தப் பெரிய கட்டிலில் ஓரமாகத்தான் படுப்பார். யாரும் அவரை நகரச் சொல்லப் போவதில்லை, ஆனாலும் நடுவுக்கு வர மனசு வரவில்லை.

வலது பக்கம் திரும்பினால் அவள் அடுத்த மாதமே வந்துவிடுவாள். ஐயோ, வந்துவிடுவாளே! அலமாரியில் அவள் பக்கத்தை ஒழிக்க வேண்டும். சமையலறைக் குழாயின் சொட்டுச் சத்தம் அவளுக்குப் பிடிக்காது, அதைச் சரி பண்ண வேண்டும். மாஸ்டரின் மனசு வலது பக்கம் திரும்பி, கம்பெனியைத் தாண்டி, விமான நிலையத்துக்கே போய் நின்றுவிட்டது.

பெட்ரோல் பங்க் வந்தது.

ஸ்கேல் கண்ணாடியைப் பார்த்தாள். வேகத்தைக் குறைத்தாள். அழகாக, சொல்லிக்கொடுத்த மாதிரியே, இண்டிகேட்டரைப் போட்டாள்.

இடது.

ரோடு காலியாகத்தான் இருந்தது. அவள் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். கார் இடது பக்கம் பாதி திரும்பியது. அடுத்த நொடி படக்கென்று குலுங்கி, இரண்டு பேரையும் முன்னால் தள்ளி, அப்படியே நின்றது. என்ஜின் அணைந்துபோனது. பின்னால் வந்த வேன்காரன் ஹாரனை அமுக்கி, ஜன்னல் வழியாக ஏதோ கேட்கக் கூடாததைச் சொல்லிவிட்டுப் போனான்.

“நான் பிரேக்கை மிதிக்கலை” என்றாள் ஸ்கேல்.

டிரைவிங் ஸ்கூல் கார்களில் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மிதிப்பதற்கு. நம் மாஸ்டர் அதை மாதத்துக்கு ஒரு தடவை மிதித்தால் அதிகம். அடிக்கடி மிதிக்கிற மாஸ்டரிடம் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது என்று பெருமையாகச் சொல்லித் திரிகிறவர்.

அவர் குனிந்து பார்த்தார். வலது கால் அந்தப் பிரேக்கை அடிவரைக்கும் அழுத்திக்கொண்டிருந்தது.

“நாய் ஒண்ணு குறுக்க வந்த மாதிரி இருந்துச்சு.”

“எந்த நாய்?”

“ஓடிப்போயிடுச்சு போல.”

“அப்பா. நாயே இல்லை.”

அவள் காரைக் கிளப்பி, இடது பக்க ரோட்டிலேயே கொஞ்ச தூரம் போய், ஒரு மூடிய கிடங்கின் முன்னால் ஓரம் கட்டினாள். ஹாண்ட் பிரேக்கை இழுத்தாள். இருபது வருஷமாகப் பிள்ளைகளை அதட்டி உட்கார வைத்தவர், பள்ளியில் திருடிப் பிடிபட்டவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

“நேத்து வரைக்கும் நான் வலது பக்கம்தான் திரும்புறதா இருந்தேன். காலையில அந்தப் பொண்ணுகிட்ட நீங்க பேசினதைக் கேட்டேன். யாரோ ஏங்குறாங்கன்னு ரோட்டை மாத்தாதேன்னீங்க. சரி, அப்பா நேரா சொல்ல முடியாம எனக்காகத்தான் சுத்தி வளைச்சுச் சொல்றார்னு நினைச்சேன். அதான் இடது பக்கம் போட்டேன்.”

மாஸ்டர் காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“இப்போ உங்க வாய் ஒண்ணு சொல்லுது, கால் ஒண்ணு சொல்லுது. நான் எதைக் கேட்கிறது?”

“தெரியாம மிதிச்சிட்டேன்டா. சத்தியமா வேணும்னு மிதிக்கலை.”

“அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. வேணும்னு மிதிச்சிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். பிறகு சொன்னார், மறைக்கிறதுக்கு இனிமேல் என்ன இருக்கிறது.

“எனக்கு உங்கம்மா வேணும். ஆறு வருஷமாச்சு. வீட்டுக்குள்ள வந்தா யாராவது ‘வந்துட்டீங்களா’ன்னு கேட்கணும். எனக்கு இந்த ஆசை தவிர வேற எதுவுமே மண்டையில ஓட மாட்டேங்குது. அதனால உனக்கு யோசனை சொல்ற தகுதி இப்போ எனக்கு இல்லை. ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சொல்வேன், உனக்குச் சொல்ல முடியலை.”

“எனக்கு மட்டும் அம்மா வேண்டாமா?”

ஸ்கேலின் குரல் உடைந்தது. இதுவரைக்கும் அவள் அழுது மாஸ்டர் பார்த்ததில்லை. பார்க்காதபடி அவள் பார்த்துக்கொண்டாள் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

“பதிமூணு வயசுல முதல் தடவை வயித்து வலி வந்தப்போ, உங்ககிட்ட சொல்ல வெட்கப்பட்டு, குளியலறைக்குள்ள போனை எடுத்துட்டுப் போய் அம்மாகிட்ட சொன்னேன். அம்மா என்னென்ன பண்ணணும்னு சொல்லிட்டே அழுதா. பாதியில சிக்னல் போய், அழுத முகத்தோட படம் அப்படியே நின்னுடுச்சு. நான் அந்தப் படத்தைப் பார்த்துட்டே எல்லாத்தையும் நானே பண்ணிக்கிட்டேன். நீங்க வெளியில நின்னுட்டு, என்னடா இவ்வளவு நேரம்னு கதவைத் தட்டினீங்க.”

மாஸ்டர் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே ஆளுக்காக, ஒரே வீட்டுக்குள், ஆறு வருஷம் தனித்தனியாக ஏங்கியிருக்கிறார்கள். என்ன குடும்பமோ!

“வாயைக் கேளு” என்றார் கடைசியில். “கால் என்னோட ஆசை. வாய் சொன்னதுதான் உனக்கு. நான் எப்படி இருப்பேன்னு கவலைப்படாதே, நான் இருந்துப்பேன்.”

ஸ்கேல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“நாம ரெண்டு பேரும் அம்மா வரணுமா, இருக்கணுமான்னு மாத்தி மாத்திப் பேசுறோமே, அம்மாகிட்ட யாராவது கேட்டோமா?”

கேட்கவில்லை. பணம் கேட்டிருக்கிறார்கள், மாத்திரைப் பெயர் கேட்டிருக்கிறார்கள், வாஷிங் மெஷினின் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று கூடக் கேட்டிருக்கிறார்கள். இதைக் கேட்கவில்லை.

ஸ்கேல் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். நாலாவது மணியில் எடுத்துவிட்டாள் அம்மா. பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் உருளும் சத்தம்.

“என்னடா இந்த நேரத்துல? பணம் கட்டியாச்சா?”

“இன்னும் இல்லம்மா. நீ இன்னைக்குக் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கணும். உனக்கு என்ன வேணும்? எனக்காக இல்ல, அப்பாவுக்காக இல்ல. உனக்கு.”

சக்கரச் சத்தம் நின்றது. ஒரு கதவு சாத்தப்பட்டது.

“கையெழுத்து திங்கட்கிழமையே போட்டுட்டேன்” என்றாள் அவள்.

இத்தனை நேரம் வலதா இடதா என்று மாஸ்டர் மல்லுக்கட்டியதெல்லாம் ஏற்கெனவே முடிந்துபோன விஷயமா?

“பீஸுக்காகத்தானே போட்டே?” என்றார் போனைப் பார்த்துக் குனிந்து.

“நீங்களும் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. பீஸுக்காகவும்தான். ஆனா பொய் சொல்ல மாட்டேங்க. இங்க இப்போ வார்டுக்கே நான்தான் பொறுப்பு. டாக்டரே வந்து என்கிட்ட கேட்டுட்டுத்தான் மருந்தை மாத்துறார். அங்க வந்தா நான் என்ன பண்ணப் போறேன்? டிரைவிங் ஸ்கூலுக்கு வர்ற போனை எடுத்து, மாஸ்டர் வெளியில போயிருக்கார்னு சொல்லணும்.”

“அப்போ வரவே மாட்டியா நர்ஸம்மா?”

அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வெகு நாளாகிவிட்டது. அடுத்து அவள் பேசியபோது வார்டுப் பொறுப்பாளரின் குரல் போய், மாஸ்டரின் மனைவி குரல் வந்திருந்தது.

“ஆறு வருஷமா தினமும் எப்போ வர்றே, எப்போ வர்றேன்னு கேட்டீங்களே. ஒரு நாளாவது, நான் அங்க வரட்டுமான்னு கேட்டீங்களா?”

மாஸ்டர் மகளைப் பார்த்தார். மகள் ரோட்டைப் பார்த்தாள்.

“குழந்தை இருக்கிறப்போ அவளை விட்டுட்டு எப்படி வருவீங்கன்னு நானும் வாயை மூடிட்டு இருந்தேன். இப்போ அவ ஹாஸ்டலுக்குப் போகப் போறா. அந்த வீட்டுல யாருக்குக் காவல் இருக்கீங்க? இங்கயும் ரோடு இருக்குங்க. இங்கயும் பிள்ளைங்க பள்ளிக்கூடம் முடிச்சதும் வண்டி கத்துக்கத்தான் ஓடுதுங்க.”

“எனக்கு அந்த ஊர் பாஷை ஒரு வார்த்தை தெரியாதே.”

“எனக்குத் தெரிஞ்சா வந்தேன்?”

ஸ்கேல் சட்டென்று சிரித்துவிட்டாள். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தெட்டு வயசு, ஒரே ஒரு கார், அதன் மேல் பெயர்ப் பலகை, தெரு முழுக்கத் தெரிந்த முகங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு யாரென்றே தெரியாத ஊரில் போய் முதலிலிருந்து ஆரம்பிப்பதா? பதினெட்டு வயசுப் பிள்ளைகளுக்குப் போ, போ என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது!

“நான் ரெண்டு பேர் தங்குற மாதிரி வீடு பார்த்துட்டேன்” என்றாள் அவள். “நாலு வருஷத்துக்கு முன்னாடியே பார்த்துட்டேன். நீங்க கேப்பீங்க, கேப்பீங்கன்னு அந்த வீட்டை விடாம வாடகை கட்டிட்டு இருக்கேன். நீங்க கேட்கவே இல்லை. அதான் வெட்கத்தை விட்டு நானே கேட்டுட்டேன். வார்டுல கூப்பிடுறாங்க, போறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு போன் பண்ணுவேன். பதில் சொல்லுங்க.”

போன் அணைந்தது.

ஸ்கேல் காரைக் கிளப்பினாள். “மணி பன்னிரண்டாச்சுப்பா. காலேஜ்ல மூடிடுவாங்க” என்றாள். செக்கை எடுத்து மகளின் பைக்குள் வைத்துவிட்டு மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏங்கிக்கொண்டிருப்பது தான் மட்டும்தான் என்று அந்த மனுஷன் நினைத்திருந்தார். நாலு வருஷமாக அங்கே ஒருத்தி இரண்டு பேருக்கான வீட்டில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தினமும் போனில் அவர் குரலைக் கேட்டுக்கொண்டே, அவர் கேட்காத ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

ஆறு மணிக்கு என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.